சப்ளிமேஷன் அச்சுத் தொழில்: இயந்திரத்துக்கு முன் துணியைப் பாருங்கள்

கட்டாரில் ஏழு வருடம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிய என் தங்கையின் மகன், ஒருநாள் மஃரிபுக்குப் பின் வீட்டுக்கு வந்தான். தேத்தண்ணீர் வருவதற்கு முன்பே விடயத்தைத் தொடங்கிவிட்டான்.

"கையில நாலு லட்சம் ஈக்குது மாமா. ஒரு பிரின்டரும் ஹீட் பிரஸ்ஸும் எடுத்து மக், டீ-ஷேர்ட் அடிக்கிற வேலையத் தொடங்கப் போறேன். நாளைக்கு அட்வான்ஸ் குடுக்க ஓணும்" என்றான்.

"அட்வான்ஸ் கொடுப்பதை ஒரு கிழமை தள்ளிப் போடு மகன்" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. தொழிலைத் தொடங்க விடாமல் தடுக்கிறேன் என்று நினைத்திருப்பான். அப்படியல்ல. ஹெவ்லொக் டவுனில் வீட்டின் பின் அறையில் இதே தொழிலை 2015ஆம் ஆண்டிலிருந்து நான் செய்து வருகிறேன். முதல் வருடத்தில் இழந்த பணத்தை மீட்க எனக்கு அடுத்த இரண்டு வருடங்கள் பிடித்தன. அந்த ஒரு கிழமையில் அவனுக்குச் சொன்னவற்றையே இங்கு எழுதுகிறேன். வளைகுடாவிலிருந்து சேமிப்போடு வந்திருக்கும் வேறு பிள்ளைகளுக்கும், புறக்கோட்டையில் கடை வைத்துக்கொண்டு பக்கத் தொழிலொன்றைத் தேடும் சகோதரர்களுக்கும் இது உதவக்கூடும்.

முதலில் இது என்ன வேலை என்று பார்ப்போம். விசேட மை ஊற்றிய பிரின்டரில், விசேட காகிதத்தில், படத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி அச்சிடுகிறோம். அந்தக் காகிதத்தைத் துணியின் மேல் அல்லது கோப்பையைச் சுற்றி வைத்து, ஹீட் பிரஸ்ஸில் ஏறக்குறைய 180 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி அழுத்துகிறோம். அந்தச் சூட்டில் மை திரவமாக உருகாமல் நேரடியாக ஆவியாக மாறுகிறது. கற்பூரம் கரைந்து போவது போன்றதுதான் இதுவும். அதே சூட்டில் பொலியெஸ்டர் இழைகளும் இளகி இடம் கொடுக்கின்றன. ஆவி உள்ளே போகிறது. துணி ஆறியதும் இழை இறுகி, நிறம் உள்ளேயே தங்கிவிடுகிறது. பிரான்ஸில் நோயல் டி பிளாஸ் என்பவர் 1957இல் கண்டறிந்ததாகச் சொல்லப்படும் முறை இது. சாயம் இழைக்குள் இருப்பதால் கையால் தடவினால் அச்சு இருப்பதே தெரியாது. வெடிக்காது, உரியாது, கழுவினாலும் போகாது.

ஆனால் இவை எல்லாம் பொலியெஸ்டரில் மட்டும்தான். பருத்தி இழை அந்த ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. நான் பணத்தை இழந்ததும் இங்கேதான்.

தொழில் தொடங்கி மூன்றாவது மாதம். ஒரு பாடசாலையின் பழைய மாணவர்கள் நடைபவனி வைத்தார்கள். 120 வெள்ளை டீ-ஷேர்ட்களை அனுசரணையாளர் ஒருவரிடமிருந்து வாங்கி, "இவற்றில் முன்னுக்கு இலச்சினையும் பின்னுக்குப் பெயரும் அடித்துத் தாருங்கள்" என்று என்னிடம் கொண்டுவந்தார்கள். நல்ல தடித்த கொட்டன் துணி. அதைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனே தவிர, கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. பிரஸ்ஸிலிருந்து எடுத்தபோது நிறம் சற்று மங்கலாக இருந்தது. சூடு போதவில்லை போலும் என்று எண்ணி நேரத்தைக் கூட்டினேன். எல்லாவற்றையும் மடித்துக் கொடுத்து, காசையும் வாங்கிக்கொண்டேன். நடைபவனி முடிந்து இரண்டு நாளில் தொலைபேசி வந்தது. ஒரே சலவையில் இலச்சினை பழைய கறை போல ஆகிவிட்டதாம்.

வாதாட எனக்கு வாய் இருக்கவில்லை. 120 டீ-ஷேர்ட்களைப் புதிதாக வாங்கி, ஸ்கிரீன் பிரிண்ட் செய்யும் ஒருவரிடம் அடித்து, என் செலவிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் நல்ல மனிதர்கள், ஏசவில்லை. ஆனால் மறுபடி என்னிடம் வரவுமில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இன்று ஹெவ்லொக் சிட்டி மாடிக் குடியிருப்புகள் நிற்கும் அந்தப் பெரிய காணியில்தான் முன்பு வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி, பல தலைமுறைத் தொழிலாளர்கள் பருத்தி நூற்று நெய்த இடம். அந்த ஆலையின் நிழலில் வளர்ந்த ஊரில் இருந்துகொண்டு, எது பருத்தி எது பொலியெஸ்டர் என்று பார்க்கத் தெரியாமல் நான் தொழில் தொடங்கியிருக்கிறேன்!

துணியைச் சோதிக்கப் பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை. ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி நெருப்புக் குச்சியால் எரித்துப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் போல எரிந்து, மென்மையான சாம்பலாக உதிரும். பொலியெஸ்டர் என்றால் சுருங்கி உருகி, ஆறியதும் கறுத்த கடினமான மணியாக நிற்கும். கெய்சர் வீதித் துணிக் கடைகளில் பழுத்தவர்கள் இதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்வார்கள். இரண்டும் கலந்த துணி என்றால், பொலியெஸ்டர் எவ்வளவோ அவ்வளவு நிறம்தான் நிற்கும். 65 வீதம் பொலியெஸ்டர் உள்ள துணியில் படம் பழைய புகைப்படம் போல மங்கி வரும். சில வாடிக்கையாளர்கள் அதை ஒரு அழகாக விரும்பிக் கேட்பார்கள். விரும்பிக் கேட்டால் கொடுக்கலாம். தெரியாமல் வாங்கிப் போக விடக்கூடாது.

இன்னுமொன்று: இந்த மையில் வெள்ளை நிறம் கிடையாது. படத்தில் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் துணியின் நிறமே தெரியும். எனவே கறுப்பு, கடும் நீலம், கடும் பச்சைத் துணிகளில் சப்ளிமேஷன் செய்ய முடியாது. "கறுப்பு டீ-ஷேர்ட்டில் மஞ்சள் எழுத்து" என்று ஒருவர் கேட்டால், அது ஸ்கிரீன் பிரிண்டுக்கோ அல்லது இப்போது பரவலாக வந்திருக்கும் டி.டி.எஃப். முறைக்கோ உரிய வேலை. டி.டி.எஃப். படச் சுருளை மீற்றர் கணக்கில் அச்சிட்டுத் தருபவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். அவர்களிடம் எடுத்து நமது ஹீட் பிரஸ்ஸிலேயே ஒட்டிக் கொடுக்கலாம். கொட்டன் வேலை வந்தால் நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அதற்கென்று தனி இயந்திரம் வாங்கவில்லை.

கோப்பைக்கும் இதே விதிதான். பீங்கானில் மை நேரடியாகப் பிடிக்காது. மேலே பொலிமர் பூச்சுப் பூசிய கோப்பைதான் வேண்டும். வீட்டுக் குசினியில் இருக்கும் வெள்ளை மக்கைக் கொண்டுவந்து "இதில் அடித்துத் தாங்க நானா" என்று கேட்பவர்களுக்கு இதை விளக்கவே எனக்கு மாதத்தில் ஒரு நாள் போகிறது. பூச்சின் தரம் பெட்டிக்குப் பெட்டி மாறும். மலிவான பெட்டியில் பத்துக்கு இரண்டு, அடிப்பக்கம் மங்கியோ மஞ்சள் படிந்தோ வரும். புதிய பெட்டியொன்று வாங்கினால் முதலில் மூன்று கோப்பைகளை அடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஓடரில் கை வைக்க வேண்டும்.

இனி இயந்திரம். பிரின்டரில் ஒன்றைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மையைத் தெளிப்பதில் இரண்டு வகை உண்டு. கெனன், ஹெச்.பி. நிறுவனங்களின் வழமையான இங்க்ஜெட் பிரின்டர்கள் மையைச் சூடாக்கித் தெளிப்பவை. சூட்டில் ஆவியாக வேண்டிய மைக்கு அது பொருந்தாது. எப்சன் பிரின்டர்களின் தலை சூடாக்காமல் அழுத்தத்தால் தெளிப்பது. அதனால்தான் இத்தொழிலில் உள்ள சிறியவர்கள் அனேகமாக எப்சனின் டாங்கி பிரின்டரை வாங்கி அதில் சப்ளிமேஷன் மை ஊற்றுகிறார்கள். அப்படி ஊற்றினால் நிறுவனத்தின் உத்தரவாதம் கிடைக்காது என்பதையும், அதே பிரின்டரில் பிள்ளையின் பாடசாலை வேலையை அச்சிட முடியாது என்பதையும் தெரிந்துகொண்டு ஊற்றுங்கள். சப்ளிமேஷனுக்கென்றே எப்சனும் சோகிராஸும் விற்கும் பிரின்டர்கள் இருக்கின்றன. விலை கூட, தலைவலி குறைவு.

பிரின்டர் சும்மா இருக்கக்கூடாது. ஒரு நோன்புப் பெருநாள் விடுமுறையில் பன்னிரண்டு நாட்கள் பூட்டி வைத்தேன். வந்து பார்த்தால் தலை அடைத்துப் போயிருந்தது. கழுவிக் கழுவியே அரைப் போத்தல் மை வீணானது. இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சோதனைத் தாளாவது அச்சிட வேண்டும். மை வகையையும் அடிக்கடி மாற்றாதீர்கள். நூறு ரூபா மலிவு என்று வேறு மை வாங்கினால், நேற்று அடித்த சிவப்பும் இன்று அடிக்கும் சிவப்பும் வேறாக வரும். காகிதத்தில் அச்சு வரும்போது நிறங்கள் செத்தது போலத்தான் தெரியும். சூடு பட்ட பின்புதான் உயிர் வரும். அதனால் வாடிக்கையாளரை அந்தக் காகிதத்தைப் பார்க்க விடாதீர்கள். வீண் கலவரம்.

கொழும்பின் ஈரக்காற்று இன்னொரு எதிரி. மழை நாட்களில் காகிதமும் துணியும் ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். அப்படியே அழுத்தினால் நிறம் பரவும், நீலப் புள்ளிகள் விழும். காகிதத்தைக் காற்றுப் புகாத உறையில் வையுங்கள். துணியை முதலில் வெறுமனே ஐந்து பத்து விநாடிகள் அழுத்தி ஈரத்தைப் போக்கிய பின்பே படத்தை வையுங்கள். வருடக்கணக்காகச் செய்யும் எனக்கே ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் கழிவு கூடுகிறது.

அடுத்தது கணக்கு. இதில்தான் என் மருமகன் அதிக நேரம் முகம் சுளித்தான். அவன் ஒரு கடையில் வெற்றுக் கோப்பையின் விலையைக் கேட்டிருந்தான். அச்சிட்ட கோப்பையின் விலையையும் கேட்டிருந்தான். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மீதி இலாபம் என்று எழுதி வைத்திருந்தான். விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால், ஒரு உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். வெற்றுக் கோப்பை 450 ரூபா. மையும் காகிதமும் 40. சூடு தாங்கும் டேப், மின்சாரம் 20. பெட்டி 60. மொத்தம் 570 ரூபா. 1,000 ரூபாவுக்கு விற்றால் 430 மீதி என்று தோன்றும். ஆனால் 100 கோப்பை அடித்தால் 8 கெட்டுப்போகும் என்று வையுங்கள். கெட்டதற்குப் பெட்டி தேவையில்லை, ஆகவே ஒவ்வொன்றும் 510 ரூபா நட்டம். அந்த 4,080 ரூபாவை மிச்சமுள்ள 92 கோப்பைகள் சுமக்க வேண்டும். ஒரு நல்ல கோப்பையின் அடக்கம் 614 ரூபா ஆகிறது. மீதி 386.

நான்கு இலட்சத்தையும் இயந்திரத்திலும் சரக்கிலும் போட்டால், அதை மீட்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோப்பைகளை விற்க வேண்டும். கிழமைக்கு 50 கோப்பை ஓடர் இருந்தால் ஐந்து மாதம். நாளுக்கு நாலு கோப்பை, அதுவும் பிறந்தநாளுக்கு ஒன்று, திருமணநாளுக்கு ஒன்று என்று வந்தால் பத்து மாதம். இதில் உங்கள் கூலி இன்னும் சேரவில்லை. ஒற்றைக் கோப்பை கேட்பவர் வட்ஸ்அப்பில் மூன்று முறை படம் மாற்றுவார், ஐம்பது கேட்கும் நிறுவனம் ஒரு முறைதான் மாற்றும். ஒரு கோப்பை பிரஸ்ஸில் மூன்று நிமிடம் அளவில் இருக்கும்; சுற்றுவது, எடுப்பது, துடைப்பது எல்லாம் சேர்த்து மணித்தியாலத்துக்கு எட்டு என்று கணக்குப் போடுங்கள். என் அனுபவத்தில் இதற்கு மேல் செய்தால் கழிவுதான் கூடும்.

"அப்போ யாருக்கு விக்கிறது மாமா?" என்று அவன் கேட்டபோதுதான் பேச்சு சரியான இடத்துக்கு வந்தது. இந்தக் கேள்வியோடு அல்லவா அவன் வந்திருக்க வேண்டும்!

நம் பகுதியைச் சுற்றிப் பாருங்கள். ஹெவ்லொக் பார்க்கில் ஹெவ்லொக் விளையாட்டுக் கழகத்தின் மைதானம். சற்றுத் தள்ளி ரக்பிக்குப் பெயர்போன இசிப்பத்தான கல்லூரி. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை வரை பாடசாலைகள். வருட ஆரம்பத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிகள், மார்ச்சில் பிக் மெச்கள், அதன் பின் ரக்பிப் பருவம். இவற்றோடு மத்ரஸா பரிசளிப்பு, ஹஜ், உம்ரா குழுக்களின் பயணப் பை அட்டைகள், அலுவலகங்களின் வருட இறுதி அன்பளிப்புகள். இத்தனைக்கும் நடுவில் இருந்துகொண்டு, கடைக்கு வருபவரை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது ஏன்?

ஜேர்ஸியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உடம்பு முழுக்க நிறமும் கோடும் உள்ள ஜேர்ஸியைப் பார்த்துவிட்டு, இதை நம் சின்னப் பிரஸ்ஸில் செய்யலாம் என்று ஒத்துக்கொள்ளாதீர்கள். அது பெரிய சுருள் பிரின்டரில் அச்சிட்டு, சூடான உருளையில் துணியை ஓடவிட்டு, துண்டு துண்டாக வெட்டித் தைப்பது. முடிந்த ஜேர்ஸியை நம் பிரஸ்ஸில் வைத்தால் தையல் ஓரங்களில் வெள்ளை விழும். ஆனால் ஓடரை விடவும் வேண்டாம். அளவு எடுப்பது, டிசைன் முடிப்பது, பெயரும் இலக்கமும் பிழையில்லாமல் எழுதி வாங்குவது, இவற்றை நீங்கள் செய்யுங்கள். அச்சையும் தையலையும் அதற்கான தொழிற்கூடத்தில் கொடுங்கள். எனக்குக் கோப்பையில் வருவதை விட இந்த நடுவேலையில்தான் இப்போது அதிகம் வருகிறது. முதல் ஒன்றிரண்டு மாதங்கள் இயந்திரம் எதுவும் இல்லாமலேயே இப்படி ஓடர் பிடித்துப் பார்க்கலாம். ஓடர் வரவில்லை என்றால், நான்கு இலட்சமும் கையிலேயே இருக்கும். கடனுக்கோ வட்டிக்கோ இயந்திரம் எடுத்தவருக்கு அந்த வசதி இல்லை. ஓடர் இல்லாத மாதமும் தவணை வந்துவிடும்.

இலச்சினை விடயத்தில் கவனம் தேவை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நம் நாட்டில் அமுலில் இருக்கிறது. கார்ட்டூன் பாத்திரங்கள், வெளிநாட்டுக் கால்பந்துக் கழகங்களின் சின்னங்கள் எல்லாரும் அடிக்கிறார்கள் என்பதற்காக நாமும் அடிக்க முடியாது. பாடசாலை இலச்சினை என்றால் அதிபரிடமிருந்தோ பழைய மாணவர் சங்கத்திடமிருந்தோ கடிதமொன்று வாங்கி வைத்துக்கொள்கிறேன். வியாபாரப் பெயரைப் பதிவு செய்ய கிராம சேவகரையும் பிரதேச செயலகத்தையும் அணுகுங்கள். ஹெவ்லொக் டவுன்காரர்களுக்கு அது திம்பிரிகஸ்யாய. பதிவு இல்லாமல் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது. நிறுவனங்கள் காசோலையை அந்தப் பெயரில்தான் எழுதும்.

மை, காகிதம், கோப்பை எல்லாம் கடல் கடந்து வருபவை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அதற்கு முன் ஒரு நிறுவனத்துக்கு 300 கோப்பைக்கு விலை எழுதிக் கொடுத்திருந்தேன், திகதி எதுவும் போடாமல். அவர்கள் ஏப்ரலில் ஓடரை உறுதிப்படுத்தினார்கள். சொன்ன விலைக்கே செய்து கொடுத்தேன். எனக்கு எவ்வளவு போனது என்பதை வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. இப்போது என் விலைத் தாளில் "ஏழு நாட்களுக்கு மட்டும்" என்று இருக்கும், பாதிப் பணம் முற்பணமாக வாங்காமல் சரக்கு எடுப்பதுமில்லை. 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாக உள்ள வற் வரியும் நாம் வாங்கும் சரக்கின் விலைக்குள் வந்துவிடுகிறது. வற்றுக்குப் பதிவு செய்யாத சிறியவர்களால் அதைத் திரும்பப் பெற முடியாது. விலை போடும்போது அதையும் அடக்கத்தில் சேர்க்க வேண்டும்.

அதே 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் போனது. கணினிக்கு வைத்திருக்கும் யூ.பி.எஸ். பிரின்டரை ஓட்டும்; 1,500 வோட்டுக்கு மேல் இழுக்கும் ஹீட் பிரஸ்ஸை ஓட்டாது. அழுத்திக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் அந்தத் துணி கழிவுதான். இன்று அந்த நிலை இல்லை. ஆனாலும் பிரஸ்ஸுக்குத் தனி பிளக் பொயின்ட் இழுத்துக்கொள்ளுங்கள். மல்டி பிளக்கில் ஸ்திரிக்கைப் பெட்டியோடு சேர்த்துக் குத்தி ஓட்டியவர் ஒருவரின் சுவர் கருகியதைக் கண்டிருக்கிறேன். அறையில் ஜன்னலும் திறந்திருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகள் உள்ளே வரவும் கூடாது.

கிழமை முடிந்ததும் மருமகன் திரும்ப வந்தான். அட்வான்ஸ் கொடுக்கவில்லை. ஒரு கொப்பியில் பதினொரு பேரின் பெயர் எழுதியிருந்தான்: இரண்டு பாடசாலைகள், ஒரு பயண முகவர், கிருலப்பனைப் பக்கம் ஒரு கிரிக்கட் அணி, இப்படி. அதில் பயண முகவர் மட்டும் உம்ரா குழுவொன்றுக்கு 40 பை அட்டைகள் கேட்டிருக்கிறார். அதை என் பிரஸ்ஸிலேயே அடித்துக்கொள்ளச் சொன்னேன். கிரிக்கட் அணியினர் தாங்களே துணி தருவதாகச் சொல்லி, மாதிரிக்கு ஒரு துண்டும் கொடுத்திருந்தார்களாம். சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து என் முன் வைத்தான். நான் குசினிக்குள் போய் நெருப்புப் பெட்டியை எடுத்து வந்தேன்.